தில்லிக்கு வந்து இளைத்துப் போனவர்கள் எடை கூட்டும் வழி

போட்டித் தேர்வுப் பயிற்சிக்காக ஓல்ட் ராஜிந்தர் நகரில் வந்து இறங்கிய ஜூலை மாதத்தில் என் எடை 51 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். தீபாவளிக்கு ஈரோடு போனபோது 46 கிலோ. வாசலில் நின்ற அம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, பாதியாப் போயிட்டயே” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. திரும்பி வந்த பிறகு பத்து மாதத்தில் 57 கிலோவுக்கு வந்தேன். இன்றைக்கும் அந்த எடையில்தான் இருக்கிறேன்.

கரோல் பாக், முகர்ஜி நகர், முனிர்க்கா என்று ஒவ்வொரு ஆண்டும் நம் பிள்ளைகள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அவர்களில் ஒல்லியானவர்கள் சொல்வது ஒன்றேதான்: “அண்ணா, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது.” நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் நாம் நிறையச் சாப்பிடுவதில்லை. பழகாத சாப்பாடு, பழகாத நேரம், இடையில் டீ என்று பசி மங்கிப்போகிறது. பசி வந்தால் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் அது வராது. எடை கூட வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். அதை இந்த ஊரில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில்: உண்மையிலேயே எடை குறைவா?

கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். விடை 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 44.5 கிலோ, 165 செ.மீ. என்றால் 50.5 கிலோ, 170 செ.மீ. என்றால் 53.5 கிலோ. இந்த எல்லைக்கு மேலே இருந்து, களைப்பு இல்லாமல் நன்றாக நடமாடுகிறீர்கள் என்றால், சொந்தக்காரர்கள் “ஒல்லிப்பிச்சான்” என்று சொல்வதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிலருக்கு உடல்வாகே அப்படித்தான்.

சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் சில மாதங்களில் எடை தானாகக் குறைந்திருந்தால், அதாவது 50 கிலோ ஆள் ஆறு மாதத்தில் இரண்டரை கிலோ இழந்திருந்தால், காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை என்றால் காசநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு. தாகமும் சிறுநீரும் அதிகமாக இருந்தால் சர்க்கரை. இன்னொன்றையும் இந்த ஊரில் கவனிக்க வேண்டும். கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று ஒன்று உண்டு. ஊரில் எப்போதாவது சப்பாத்தி சாப்பிட்டவருக்கு, இங்கே மூன்று வேளையும் கோதுமை என்றானதும் அது தலைகாட்டக்கூடும். வயிற்றுப்போக்கும் உப்புசமும் வாரக்கணக்கில் விடவில்லை என்றால் மருத்துவரிடம் இதையும் கேளுங்கள்.

சாப்பிடவே பயமாக இருக்கிறது, எடை ஏறினால் தாங்க முடியாது என்று மனம் சொல்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது. மனநல மருத்துவரின் துணை வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் கீழே சொல்வதை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

வாயில் போடும் ஒவ்வொன்றையும், டீ உட்பட, மூன்று நாளைக்கு எழுதி வையுங்கள். நான் எழுதியதில் ஒரு நாள் இப்படி இருந்தது: காலையில் டீ, இரண்டு ரஸ்க். பதினொரு மணிக்கு இன்னொரு டீ. ஒன்றரைக்கு டிஃபன் டப்பாவில் நான்கு ரொட்டி, தண்ணீராக ஒரு பருப்பு, உருளைக்கிழங்கு சப்ஜி. ஐந்துக்கு டீ, ஒரு சமோசா. ஏழுக்கு மறுபடியும் டீ. இரவு பத்துக்கு மூன்று ரொட்டி, மிச்ச சப்ஜி. அன்றைக்கெல்லாம் வயிறு நிறைந்தே இருந்ததாகத்தான் நினைப்பு. கூட்டிப் பார்த்தால் 1,400 கலோரி அளவில்தான் வந்தது. ரொட்டியின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். மெல்லிய புல்கா ஒன்றில் 70, 80 கலோரிதான் இருக்கும்.

பட்டியலை எழுதியதும் இரண்டு ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். ஒன்று, காலைச் சாப்பாடு என்று எதுவுமே இல்லை. இரண்டு, பசி எடுக்கும் ஒவ்வொரு நேரத்திலும் அங்கே ஒரு டீ உட்கார்ந்திருக்கிறது. டீயை விடச் சொல்லவில்லை. தில்லிக் குளிரில் அது முடியாது என்று எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் சாப்பிட்ட உடனேயும் மட்டும் வேண்டாம். முன்னால் குடித்தால் பசி போய்விடுகிறது, பின்னால் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து சரியாகச் சேர்வதில்லை. தண்ணீரும் அப்படித்தான். சாப்பிட உட்காரும்போது ஒரு சொம்பு குடித்து வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

கடிகாரம்

மூன்று சாப்பாடு, நடுவில் மூன்று சிறுதீனி. எனக்கு ஒத்துவந்த நேரம் காலை எட்டு, பதினொன்று, ஒன்றரை, ஐந்து, எட்டரை, படுக்கும் முன் கடைசியாக ஒரு வேளை. போனில் அலாரம் வைத்தேன். முதல் பத்து நாள் அலாரம் அடிக்கும்போது பசியே இருக்காது. அப்போது இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி கடலையோ போதும், ஆனால் அந்த நேரத்தைத் தவற விடக்கூடாது. இரண்டாவது வாரத்தில் பதினொரு மணிக்கு வயிறே கூப்பிட ஆரம்பித்தது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒரே வேளையில் மூக்குப் பிடிக்கத் தின்பது உதவாது. ஞாயிற்றுக்கிழமை சோலே பட்டூரே (கொண்டைக்கடலை மசாலாவும் எண்ணெயில் பொரித்த பெரிய பூரியும்) இரண்டு தட்டு வெட்டிவிட்டுத் திங்கட்கிழமை முழுக்கப் பசியில்லாமல் கிடந்தால், கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தட்டைப் பெரிதாக்காமல் கனமாக்குவது

இப்போது சாப்பிடுவதைவிட ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாகப் போனால் போதும். எடை மெதுவாக ஏறும், வயிறும் ஒத்துழைக்கும். இதற்கு இன்னும் ஐந்து ரொட்டி திணிக்க வேண்டியதில்லை. இருக்கிற சாப்பாட்டிலேயே சேர்க்கலாம். ரொட்டியில் தடவியும் பருப்பில் ஊற்றியும் இரண்டு டீஸ்பூன் நெய் என்றால் 90 கலோரி. ஒரு பிடி வேர்க்கடலை, சுமார் 30 கிராம், 170 கலோரி. 250 மில்லி ஃபுல் கிரீம் பால் 215 கலோரி அளவில் வரும். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 475. நாளைக்கே தொடங்கலாம்.

பால் வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். டோண்ட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், டபுள் டோண்டில் 1.5, ஃபுல் கிரீமில் 6. மதர் டெய்ரி பூத்திலும் அமுல் வைத்திருக்கும் கடையிலும் எல்லாமே கிடைக்கும், அறையில் சிலர் விலை பார்த்து டோண்ட் வாங்குவார்கள். நீங்கள் மட்டுமாவது ஃபுல் கிரீம் வாங்குங்கள். பால் குடித்தால் வயிறு கலக்குகிறவர்கள் தயிருக்கு மாறிக்கொள்ளலாம். இங்கே கிடைக்கும் கெட்டித் தயிர் பெரும்பாலும் அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது.

வேர்க்கடலையை ஊரில் கடலைக்காய் என்போம், இங்கே மூங்ஃபலி. எடை கூட்ட விரும்பும் ஏழை மாணவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. 100 கிராமில் 25 கிராம் புரதம். பாதாமை வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். புரதத்தில் வேர்க்கடலை பாதாமுக்கு இளைத்ததில்லை.

அப்புறம் சத்து. பெயரைப் பார்த்து நம் சத்துமாவு என்று நினைத்துவிட வேண்டாம், இது பீகார்க்காரர்களின் வறுத்த கொண்டைக்கடலை மாவு. என் அறைத்தோழன் பாட்னாவிலிருந்து வந்தவன். காலையில் அவசரமாக வகுப்புக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டிலில் சத்து, தண்ணீர், எலுமிச்சை, கறுப்பு உப்பு, பொடியாய் நறுக்கிய வெங்காயம் போட்டுக் குலுக்கிக் குடித்துவிட்டுப் போவான். நான் அதையே பாலில், பொடித்த வெல்லத்தோடு கலக்கினேன். 40 கிராம் சத்துவில் 8 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கூடவே ஒரு வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்துப் போட்டால் மிக்ஸியே தேவையில்லை, ஒரு டம்ளரில் 450 கலோரிக்கு மேல் போய்விடும். மென்று தின்னப் பிடிக்காத நாளில் குடித்துவிடலாம். என் பதினொரு மணி வேளையைக் காப்பாற்றியது இந்தப் பாட்டில்தான்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை இல்லாத அறையில் எலக்ட்ரிக் கெட்டில் போதும். கழுவிய முட்டையைப் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதித்துத் தானாக அணைந்ததும் மூடியபடியே கால் மணி நேரம் வைத்தால் வெந்திருக்கும். சைவம் மட்டும் அனுமதிக்கும் பி.ஜி. விடுதியில் இருப்பவர்களுக்கு பன்னீர் இருக்கிறது. 100 கிராமில் 18 கிராம் புரதம். பாலக்கும் மசாலாவும் தேடி அலைய வேண்டாம், துண்டு போட்டு மிளகுத்தூள் தூவி அப்படியே தின்னலாம். மொத்தப் புரதம் உங்கள் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு

ரொட்டியை வெறுத்துக்கொண்டு தின்பதால்தான் பாதிப்பேர் இளைக்கிறார்கள் என்பது என் கருத்து. நாக்குக்குப் பிடிக்காததைக் கடமைக்குத் தின்றால் மூன்றாவது வாயிலேயே போதும் என்று தோன்றிவிடும். டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்து தரும் டிஃபன்காரரிடம் பேசுங்கள். “பையா, ரோட்டி கம், சாவல் ஜ்யாதா” (அண்ணா, ரொட்டி குறைவாக, சோறு அதிகமாக) என்ற ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது. ராஜ்மா (சிவப்பு பீன்ஸ் விதை) சாவல், கடி (மோர்க்குழம்பு மாதிரி) சாவல், சோலே சாவல் எல்லாம் சோற்றுக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ராஜ்மாவைக் குழம்பாக நினைத்துப் பிசைந்து பாருங்கள், பழகிவிடும். பருப்பு தண்ணீராக வருகிறதென்றால் தயங்காமல் டிஃபனை மாற்றுங்கள். நான் நான்கு மாதம் கூச்சத்தால் மாற்றாமலே இருந்தேன். இழந்த ஐந்து கிலோவில் அந்தக் கூச்சத்துக்கும் பங்கு உண்டு.

ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் வைக்க அனுமதி இருந்தால், நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: அரிசிம்பருப்பு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்தில் மழை பெய்தாலும் விருந்தாளி வந்தாலும் இதுதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. குக்கர் பாத்திரத்திலேயே கடலையெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், பூண்டு, வரமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், தக்காளி என்று வதக்குங்கள். மஞ்சளும் சாம்பார்ப் பொடியும் உப்பும் போட்டு, அரிசி பருப்பைக் கழுவிச் சேர்த்து, ஒன்றுக்கு மூன்று என்று தண்ணீர் வையுங்கள். அரை மணி நேரம் பருப்பை ஊற வைத்திருந்தால் குழைந்து வரும். மேலே நெய்யைத் தாராளமாக விடுங்கள். அரிசியும் பருப்பும் சேர்வதால் புரதத்தின் தரமும் நன்றாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது கரண்டியை நீங்களே கேட்டு வாங்குவீர்கள். பொன்னி அரிசி, கறிவேப்பிலை, சாம்பார்ப் பொடிக்கு ஆர்.கே.புரம், முனிர்க்கா, கரோல் பாக் பக்கமுள்ள தென்னிந்தியக் கடைகளும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் இருக்கின்றன. ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு முருகனைப் பார்க்கப் போகும் நாளில் அப்படியே மாதச் சாமானையும் வாங்கி வந்துவிடலாம்.

பருவத்தைப் பார்த்து நடங்கள்

எடை கூட்ட இந்த ஊரில் நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரில் பசி நன்றாக எடுக்கும், தெருவெல்லாம் அதற்கேற்ற தீனி வந்து நிற்கும். எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக், ரேவடி, மணலில் வறுத்த மூங்ஃபலி, கரியில் சுட்டு எலுமிச்சை பிழிந்து தரும் சக்கர்கந்தி என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கஜக்கைத் தின்னும்போது எனக்கு வீட்டு எள்ளுருண்டை ஞாபகம் வரும். சாயங்கால சமோசாவுக்குப் பதிலாக இவற்றைப் பழக்கிக்கொண்டால் எண்ணெயும் குறையும், சத்தும் கூடும்.

மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது சாப்பாடு இறங்காது. அப்போது கலோரியைக் குடியுங்கள்: லஸ்ஸி, சத்து, மாம்பழம் போட்ட பால். மழைக்காலத்தில் ஜாக்கிரதை. ஜூலை, ஆகஸ்டில் நறுக்கி வைத்த பழம், கோல்கப்பா என்கிற பானிபூரித் தண்ணீர், ஊர் பேர் தெரியாத ஐஸ் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்தது போய்விடும். எனக்கு ஆகஸ்டில் அப்படித்தான் இரண்டு கிலோ போயிற்று. காய்ச்சிய தண்ணீரும், கையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலமும் எப்போதும் இருக்கட்டும்.

தசையாகச் சேர வேண்டும்

சாப்பாட்டை மட்டும் கூட்டிவிட்டு நாள் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் தொப்பைதான் முதலில் வரும். வாரத்துக்கு மூன்று நாள், இருபது இருபத்தைந்து நிமிடம், தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழும்புவது. பெண்களுக்கும் இதுவேதான். பல பூங்காக்களில் இலவச உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன, போகலாம். புத்தகம் நிறைந்த பையை மாட்டிக்கொண்டு பஸ்கி எடுத்தால் அதுவே எடைப் பயிற்சி. தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். சிகரெட் பசியைக் கொல்லும்.

பவுடர், மாத்திரை

நான் சேர்ந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் நாளே ஒரு பெரிய டப்பாவை நீட்டினார்கள். வெயிட் கெயினர் என்ற பெயரில் வரும் பலவற்றின் லேபிளைத் திருப்பிப் படித்தால் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் சர்க்கரையும். அந்தக் காசுக்கு எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ கடலை வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். மாத்திரை விஷயம் அதைவிட ஆபத்து. “ஒரே மாதத்தில் பத்து கிலோ” என்று லேபிளே இல்லாமல் விற்கும் மூலிகைப் பொடியிலும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் உப்பும், நீர் கோத்துக்கொள்ளும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல். பசிக்காகக் கொடுக்கப்படும் சைப்ரோஹெப்டடின் என்ற மருந்தும் உண்மையில் ஒரு ஒவ்வாமை மருந்து, தூக்கம் தள்ளும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதையும் போடாதீர்கள். இதில் தயவு தாட்சண்யமே கூடாது.

எடை பார்ப்பது

வாரத்தில் ஒரு நாள், காலைக் கடன் முடித்து, சாப்பிடும் முன், ஒரே இயந்திரத்தில். தினமும் ஏறி நின்று மனத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீரின் அளவிலேயே ஒரு நாளைக்கு ஒரு கிலோ ஏறி இறங்கும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறினால் சரி. மூன்று வாரம் அசையவே இல்லை என்றால் இன்னொரு டம்ளர் பாலோ இன்னொரு பிடி கடலையோ சேருங்கள். அரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து ஏறி, இடுப்பு மட்டும் இறுகினால் கொஞ்சம் குறையுங்கள். போக வேண்டிய எடை வந்ததும் படுக்கும் முன் வேளையை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

கேரளா எக்ஸ்பிரஸில் ஈரோடு போக இரண்டு இரவு. ரயில் சாப்பாடு பிடிக்காமல் பிஸ்கட்டிலேயே ஓட்டிவிடுவோம். ஒரு சீப்பு வாழைப்பழம், கடலை மிட்டாய், அவித்த முட்டை, ஒரு டப்பாத் தயிர்சாதம் என்று கிளம்பும்போதே கட்டிக்கொள்ளுங்கள். முட்டையையும் தயிர்சாதத்தையும் முதல் இரவே முடித்துவிட வேண்டும். திரும்பும்போது அம்மா எதைக் கட்டித் தரட்டும் என்று கேட்டால் முறுக்கு வேண்டாம். எள்ளுருண்டை, பருப்புப் பொடி, எள்ளு மாவு, வீட்டு நெய். எள்ளுருண்டையும் பொடிகளும் ஈரம் படாத டப்பாவில் ஒரு மாதம் தாங்கும். நெய்யைப் பாட்டிலில் ஊற்றி மூடியைச் செல்லோடேப்பால் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பெட்டியில் போர்வைக்கு நடுவே நிறுத்தி வையுங்கள்.